கோட்டுக்கு ஒரு கிலோ இருநூறு

மார்ச் 4

தம்பிக்கு,

பிசியோதெரபிஸ்ட் பெண்ணை இரண்டு தடவை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். உன்னிடம் அவள் வரவேயில்லை என்று சொன்னேன். இதுதான் நான் செய்தது. வேறு யார் வாயிலிருந்தாவது உன் காதுக்கு வருவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி வைக்கிறேன், அவ்வளவுதான். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் எனக்குப் பாதிதான் கேட்கும். அந்தப் பாதியும் கோபம் வந்தால் அடைத்துக்கொள்கிறது.

முதல் தடவை, உனக்கு இரண்டாவது கீமோ மருந்து ஏற்றிய மறுவாரம். மருத்துவமனையிலிருந்து அனுப்பியதாகச் சொன்னாள். தோளில் ஒரு பை, அதற்குள் ரப்பர் பட்டை. "பெரியவரே, அவரை நாற்காலியில உட்கார வெச்சு எழுப்பணும். தினம் கொஞ்சம். வேற ஒண்ணுமில்ல" என்றாள். நான் சொன்னேன்: "அவன் தராசு சோதிக்கிற வேலையில நாற்பத்தாறு வருஷம் இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கினவன். நாற்காலியில உட்கார நீ சொல்லித் தரணுமா? மருந்து பாதி உடம்பைத் தின்னுட்டுது. மிச்சத்தைத் தின்ன நீ வந்தியா?" பையைத் தோளில் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். இரண்டாவது தடவை வந்தபோது ஒரு தாளைக் கொடுத்தாள், படம் போட்டது. அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த அலமாரியின் காலுக்குக் கீழே வைத்தேன். அலமாரி ஆடுவது நின்றது.

உன்னை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று உனக்கே தெரியும். தண்ணீர் கட்டிலுக்கு வந்தது. சாப்பாடு கட்டிலுக்கு வந்தது. பத்திரிகையைக்கூட நான்தான் பிடித்துக்கொண்டு பக்கம் திருப்பினேன். கழிவறைக்கு மட்டும்தான் நீ உன் காலால் நடந்தாய். அங்கேதான் விழுந்தாய்.

அன்று சனிக்கிழமை. உன்னை எடை பார்க்க முன்னறையில் மேடைத் தராசின் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தால், சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே நீ மடங்கிக் கிடக்கிறாய். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். முடியவில்லை. எனக்குப் பலம் போய்விட்டது என்று நினைக்காதே. உன் கனம் அப்படி. மாடி வீட்டு டிரைவரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தூக்கினோம். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே "என்னங்க, மனுஷன் இரும்பை முழுங்கியிருக்காரா?" என்றான். அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. தம்பி எடை குறையவில்லை என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்ததே என்று.

மறுநாள் உன் மகள் வந்தாள். உன் தொடையைப் போர்வைக்கு மேலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்: "பெரியப்பா, நீங்க அப்பாவைப் பார்த்துக்கிட்டீங்களா, இல்ல படுக்க வெச்சுக் கரைச்சீங்களா?"

நான் நோட்டை எடுத்து நீட்டினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கையெழுத்து. ஆரம்பத்தில் அறுபத்து மூன்று. பிறகு அறுபத்திரண்டு எண்ணூறு. அறுபத்திரண்டு அறுநூறு. கடைசியில் அறுபத்திரண்டு நானூறு. நீ குளிருது என்று கோட்டைக் கழற்ற மாட்டாய். பரவாயில்லை என்று ஆரம்பத்திலேயே கோட்டைத் தனியாக எடை போட்டு, ஒரு கிலோ இருநூறு, அதையும் ஒவ்வொரு தடவையும் கழித்துத்தான் எழுதினேன். மருத்துவமனைத் தராசு முந்நூறு கிராம் கூடுதலாகக் காட்டுகிறது என்று அங்கிருந்த நர்ஸிடம் சண்டை போட்டு, என் எண்ணைத்தான் அவர்கள் அட்டையில் எழுத வைத்தேன். இதைவிட ஒரு மனிதன் என்ன செய்வான்? உன் மகள் நோட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "இது என் வீடு, குரலை உயர்த்தாதே" என்றேன். "அப்படின்னா அவர் என் அப்பா" என்றாள். சாயங்காலம் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எடை குறையாதபோது பலம் எங்கே போனது? இதற்குப் பதில் கண்டுபிடிக்காமல் விட மாட்டேன்.

அண்ணன்

* * *

மார்ச் 11

அண்ணே,

எழுத்து கோணலாக இருக்கும். பேனாவைக் குறை சொல்லாதீர்கள், கைதான்.

மகள் வேலைக்குப் போன பிறகு எழுதுகிறேன். உங்கள் பெயரை எடுத்தாலே அவள் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுகிறாள். கொஞ்ச நாள் போகட்டும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்த வீட்டுக்குப் பதினொரு படி. ஆறாவது படியில் உட்கார்ந்துவிடுகிறேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் யாருக்கோ காத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கீழ் வீட்டு அம்மா "வந்துட்டாங்களா?" என்று தினமும் விசாரிக்கிறாள். "இன்னும் வரலைங்க" என்கிறேன். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. தலை சீவ முடி இல்லை என்பதால் சீப்பைத் தூக்கும் வேலை மிச்சம். இருபது கிலோ கல்லை இரண்டு கையிலும் ஒன்றொன்றாகப் பிடித்துக்கொண்டு லாரியிலிருந்து குதிப்பேனே, அந்த ஆள் யார் என்று நானே யோசிக்கிறேன்.

பிசியோதெரபிஸ்ட் வந்த விஷயம் எனக்குத் தெரியும். முதல் தடவை தூங்கிவிட்டேன். இரண்டாவது தடவை விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். நீங்கள் பேசியது முழுவதும் கேட்டது. உங்கள் குரல் தெரு முனை வரைக்கும் கேட்குமே. நீங்கள் உள்ளே வந்து "யாரோ விலாசம் மாறி வந்துட்டாங்க" என்றீர்கள். நான் "அப்படியா" என்றேன்.

"உள்ளே விடுங்கண்ணே" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு சின்னப் பெண் முன்னால் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். நீங்கள் அவளை விரட்டியது எனக்கு வசதியாக இருந்தது. அதனால் முழுப் பழியையும் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த மருந்து ஏப்ரல் எட்டாம் தேதி, இந்த ஊர் மருத்துவமனையில். பழைய அட்டையைப் பார்த்தார்கள். அன்றைக்குக் காலையில் எடை பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்களாம்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எடையைப் பற்றி மட்டும் இனி எழுதாதீர்கள்.

தம்பி

* * *

மார்ச் 17

தம்பிக்கு,

எடையைப் பற்றி எழுதாதே என்றால் நான் எதைப் பற்றி எழுதுவது? வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

நம்மிடம் வருடா வருடம் நுண்தராசைச் சரிபார்க்கச் சொல்லும் ஆய்வுக்கூடம் ஞாபகம் இருக்கிறதா? மூச்சு விட்டாலே முள் ஆடும் என்று உன்னை வெளியே நிற்க வைப்பார்களே, அங்கேதான் போனேன். அந்த ஆய்வுக்கூடத்து அம்மா தசைச் செல்களை வளர்க்கிறவர் என்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. நான் தராசைத் தவிர எதையும் பார்த்ததில்லை. "ஒரு கேள்வி இருக்குங்க. பதில் தெரியாம போக மாட்டேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் சிரித்துவிட்டு நுண்ணோக்கியின் முன்னால் என்னை உட்கார வைத்தார்.

இரண்டு கண்ணாடித் தட்டுகள். முதல் தட்டில் தசை இழைகள், பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்த கயிறுகள் மாதிரி, தடிமனாக. இரண்டாவது தட்டிலும் அதே இழைகள்தான். ஆனால் உனக்கு ஏற்றியது மாதிரி ஒரு மருந்தைத் துளியளவு விட்டு இரண்டு நாள் வைத்திருந்தார். கயிறு நூலாகிவிட்டது. சில இடங்களில் அறுந்து கிடந்தது. நான் கண்ணை எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்தேன்.

"இந்த மருந்து பெருகிக்கிட்டே இருக்கிற செல்லைத்தானே அடிக்குது? தசை பெருகறதில்லையே. அதை ஏன் அடிக்குது?" என்று கேட்டேன். படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். ஒவ்வொரு இழைக்குள்ளும் உணவைச் சக்தியாக மாற்றும் சிறு சிறு உலைகள் இருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். மருந்து உள்ளே போய் அந்த உலைகளைக் கெடுக்கிறது. கெட்ட உலையிலிருந்து அரிக்கிற கழிவு வெளியே வருகிறது. இரும்புக்குத் துரு எப்படியோ அப்படி. அந்தத் துரு ஏறியதும் செல் பயந்துவிடுகிறது. பயந்து என்ன செய்கிறது தெரியுமா? தன் சொந்தப் புரதங்கள்மேலேயே ஒரு சீட்டைத் தொங்கவிடுகிறது. சீட்டு மாட்டிய புரதத்தை இழுத்துப் போட்டு அரைக்க உள்ளேயே ஒரு இயந்திரம் இருக்கிறது. சோதனையில் தோற்ற தராசுக்கு ஆய்வாளர் சிவப்புச் சீட்டு மாட்டுவாரே, பிறகு அது உடைக்கப் போகுமே, அதேதான். நல்ல நாளிலும் பழைய சரக்குக்குச் சீட்டு மாட்டுவது உண்டாம். மருந்து வந்த பிறகு நல்ல சரக்குக்கும் மாட்டுகிறது. அதே சமயம் புதிதாகக் கட்டுகிற வேலையும் மந்தமாகிவிடுகிறது. தராசின் ஒரு தட்டில் கட்டுவது, ஒரு தட்டில் உடைப்பது. எந்தப் பக்கம் சாயும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொன்னார். இழையின் ஓரத்தில் சில துணைச் செல்கள் தூங்கிக்கொண்டிருக்கும். இழைக்குக் காயம் பட்டால் எழுந்து, பெருகி, ஒட்டுப் போடும். பெருகுகிறவை என்பதால் மருந்து அவற்றையும் விடுவதில்லை. ஆக, வீடும் இடிகிறது, கொத்தனாருக்கும் அடி.

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. பார்த்தாயா, மருந்துதான். நானில்லை. அதைச் சொல்லியும்விட்டேன். "அப்போ நல்லா ஓய்வு கொடுத்தது சரிதானே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "ஐயா, நோயும் கரைக்கும், சாப்பிடாததும் கரைக்கும். படுத்தே கிடந்தாலும் தசை அதே சீட்டைத்தான் மாட்டிக்கும். மருந்து மாட்டினதுபோக ஓய்வும் மாட்டும். கட்டுற தட்டுல கையை வைக்கிறது அசைவு ஒண்ணுதான். நான் பார்க்கிறது கண்ணாடித் தட்டு, மனுஷன் இல்ல. எல்லா மருந்தும் ஒரே மாதிரி செய்யறதும் இல்ல. ஆனா அவர் நாற்காலியில உட்கார்ந்து எழுந்திருந்தா, கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்."

கொஞ்சமாவது. அந்தக் கொஞ்சத்தை நான் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினேன்.

நான் விடவில்லை. நோட்டைக் காட்டினேன். அறுநூறு கிராம்தான் குறைந்திருக்கிறது, தசை இவ்வளவு போயிருந்தால் அந்த இடத்தில் வந்தது என்ன என்று கேட்டேன். "கால்ல நீர் கோத்திருக்கலாம், கொழுப்பு கூடியிருக்கலாம். தராசு எவ்வளவுன்னு சொல்லும்யா. எதுன்னு சொல்லாது" என்றார். நாற்பத்தாறு வருடம் இந்தத் தொழிலில் இருந்த என்னிடம் இதைச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டிருக்கிறது.

ஆனாலும் கணக்கு உதைக்கிறது. கிலோ கணக்கில் தசை போய் அதே அளவு நீர் வந்திருந்தால் உன் கால் தூண் மாதிரி இருந்திருக்க வேண்டும். செருப்பு சரியாகத்தானே இருந்தது? தையல் டேப் எடுத்து, முழங்காலுக்கு ஒரு சாண் மேலே தொடையைச் சுற்றி அளந்து எழுது. கணுக்காலையும் அள. தவறாமல் எழுது.

அண்ணன்

* * *

மார்ச் 24

அண்ணே,

வலது தொடை முப்பத்தெட்டு சென்டிமீட்டர். இடது முப்பத்தேழரை. கணுக்கால் சாதாரணமாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான்.

உங்கள் கணக்கு உதைப்பதற்குக் காரணம் நீர் இல்லை. நான்.

நம் தராசுக் கடையைப் பூட்டிய பிறகு பித்தளை எடைக்கற்கள் இருந்த மரப்பெட்டியை என் கட்டிலுக்குக் கீழே வைத்தீர்கள் அல்லவா? அதை நீங்கள் அதற்குப் பிறகு திறக்கவேயில்லை. இப்போது திறந்து பாருங்கள். ஒரு கிலோ குழி இரண்டும் காலியாக இருக்கும். இரண்டு கிலோ குழியும் காலி.

இரண்டாவது மருந்துக்குப் பிறகு ஒரு கிலோ கல்லை வைத்தேன், கோட்டின் உள்பையில். அந்த வாரம் வாந்தியிலேயே போயிருந்தது. அடுத்த வாரம் சரியாகிவிடும், அப்போது எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சரியாகவில்லை. பிறகு இரண்டு கிலோ. கடைசியில் நாலு கிலோ. உங்களுக்குச் சந்தேகம் வராதபடி வாரம் இருநூறு கிராம் குறைகிற மாதிரி, சின்னக் கற்களை வைத்தும் எடுத்தும் நானே சரிசெய்தேன். உங்களிடம் கற்றுக்கொண்ட வேலைதான். நீங்கள் ஒவ்வொரு தடவையும் கோட்டுக்கு ஒரு கிலோ இருநூறு என்று சொல்லிக் கழிக்கும்போது நான் சுவர்ப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். ஊரில் எத்தனை கடைக்காரன் தராசைப் பிடித்திருக்கிறீர்கள்! தட்டுக்கு அடியில் புளி ஒட்டினவன், காந்தம் வைத்தவன் எல்லாம் உங்களைக் கண்டால் ஓடினான். வீட்டுக்குள் இருந்த திருடன்தான் கடைசி வரைக்கும் அகப்படவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். நீங்கள்தானே சொன்னீர்கள், தட்டை என் மடியில் வைத்துக்கொண்டு: "அறுபதுக்குக் கீழ போனா மருந்தை நிறுத்திடுவாங்க. நிறுத்தினா அவ்வளவுதான். தின்னு." சாப்பிட முடியவில்லை அண்ணே. வாயில் எல்லாமே தகரம் மாதிரி இருந்தது. அந்த அறுபதுதான் எந்நேரமும் மண்டையில் ஓடியது.

இன்னொன்று. அதையும் சொல்லிவிடுகிறேன். விழுந்த அன்றைக்கு எடை பார்க்கத் தயாராகி, கோட்டைப் போட்டுக்கொண்டுதான் கழிவறைக்குப் போனேன். உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. கற்களை எடுத்துப் போட்டால் சத்தம் கேட்கும் என்று, அப்படியே சுவரைப் பிடித்து எழப் பார்த்தேன். டிரைவர் கேட்டதற்குப் பதில், ஆமாம். இரும்பு இல்லை, பித்தளை.

கற்கள் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. கோட்டும். ஏப்ரல் எட்டுக்கும் வைத்திருக்கிறேன்.

தம்பி

* * *

மார்ச் 28

தம்பிக்கு,

பெட்டியைத் திறந்தேன். நீலத் துணிக் குழிகளில் மூன்று காலி. அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மாடி வீட்டு டிரைவர் எட்டிப் பார்த்து "யாரோட சண்டைங்க?" என்றான். "தம்பியோட" என்றேன். "அவர்தான் இங்க இல்லையே" என்றான். "அதான் சண்டை" என்று கதவைச் சாத்தினேன்.

திட்டி முடித்த பிறகு, அந்த அறுபது எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். நேராக நம் ஊர் மருத்துவமனைக்குப் போய் அந்த நர்ஸையே கேட்டேன். அவள் என்னை மறக்கவில்லை, எப்படி மறப்பாள். அவள் சொன்னது இது: "அறுபதுக்குக் கீழே போனா எங்ககிட்ட சொல்லுங்கன்னுதான் சொன்னேன். சொன்னா அளவைப் பார்ப்போம், சாப்பாட்டைப் பார்ப்போம், அதுக்குத்தான். நிறுத்துவோம்னு யார் சொன்னா?"

நான் சொன்னேன். நீ நாலு வாய் அதிகமாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காக, என் சொந்த மூளையில் தயாரித்துச் சொன்னேன். நீ கோட்டில் கல்லை வைத்தாய். அறுபதை உன் தலையில் வைத்தவன் நான். உன் கல் நாலு கிலோ. என்னுடையது எத்தனை என்று நிறுக்கத் தராசு கிடையாது.

மருந்தின் அளவை உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்களாம். அட்டையில் இருப்பது அறுபத்திரண்டு நானூறு. உண்மை ஐம்பத்தெட்டு நானூறு, அதிலும் கொஞ்சம் நீர். அவர்கள் தராசில் உன்னை ஏற்றியிருந்தாலும் கோட்டோடுதான் ஏறியிருப்பாய், அது வேறு விஷயம். ஆனால் அட்டையில் எழுத வைத்த எண் என்னுடையது. இல்லாத உடம்புக்கும் சேர்த்து மருந்து ஏறியிருக்கலாம். தசை குறைந்த உடம்பு அந்த மருந்தைத் தாங்குவதும் குறைவு என்று ஆய்வுக்கூடத்து அம்மா சொன்னார். எத்தனை உலை என்னால் கெட்டது, எத்தனை சீட்டு என் கையால் தொங்கியது என்று எண்ணிப் பார்க்க முடியாது. எண்ண முடியாததை நான் இதுவரை நம்பியதில்லை. இப்போது தினமும் அதோடுதான் எழுந்திருக்கிறேன்.

அலமாரியைத் தூக்கி அந்தத் தாளை எடுத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்தில் பிசியோதெரபிஸ்ட் உட்காரும் அறைக்குப் போனேன். "என்னைத் தெரியுதா?" என்றேன். "மறக்க முடியுமா பெரியவரே" என்றாள். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "கையைக் குறுக்கே கட்டிக்கிட்டு உட்கார்ந்து எழுங்க. அரை நிமிஷம்." ஒன்பது வந்தது. "உங்க வயசுக்குக் குறைஞ்சது பதினொண்ணு வரணும். நீங்களும் வாங்க" என்றாள். அவளை விரட்டியவனுக்குச் சரியான தண்டனை கிடைத்தது என்று நீ சிரிப்பாய். சிரி.

அந்தத் தாளில் உள்ளதைப் பார்த்து எழுதி இதோடு வைத்திருக்கிறேன், செய். ஏப்ரல் எட்டுக்கு முன்னால் டாக்டரிடம் நீயே சொல்ல வேண்டும். கோட்டு, கல், எல்லாவற்றையும். சொல்லாவிட்டால் நான் எழுதுவேன்.

அண்ணன்

* * *

ஏப்ரல் 2

அண்ணே,

மிரட்டாதீர்கள். மிரட்டியதில்தான் இவ்வளவும் வந்தது.

நேற்று மகளோடு மருத்துவமனைக்குப் போனேன், ரத்தப் பரிசோதனைக்கு. டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு "பரவாயில்லையே, எடையை நல்லா காப்பாத்தியிருக்கீங்க" என்றார். மகள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சொல்லாமலே வந்துவிட்டேன். மருந்தை நிறுத்த மாட்டார்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன ஒன்றை நம்பித்தான் கல்லைத் தூக்கினேன். இன்னொன்றை நம்பி எப்படி இறக்கி வைப்பது?

மகள் கோட்டைத் துவைக்கப் போட எடுத்தாள். "ஏன்பா இவ்வளவு கனமா இருக்கு?" என்றாள். "அந்தக் காலத்துத் துணி அப்படித்தான்" என்றேன். அவள் போனதும் கற்களை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்தேன். ஒவ்வொன்றாகத்தான் தூக்க முடிந்தது. கடைசிக் கல்லுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

தாளில் உள்ளதை எழுதி அனுப்பினீர்களே, செய்து பார்த்தேன். கையை ஊன்றாமல் இரண்டு. மூன்றாவதுக்குப் பாதி எழுந்து, அப்படியே தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். தொடை நடுங்குவது நின்ற பிறகு மறுபடியும் இரண்டு.

தனியாகச் சொல்ல முடியாது அண்ணே. நீங்கள் வாருங்கள். மகளுக்குப் பயந்தால் அதையும் பயந்துகொண்டே வாருங்கள்.

தம்பி

* * *

ஏப்ரல் 4

தம்பிக்கு,

வருகிறேன். பயந்துகொண்டேதான் வருகிறேன்.

என்னை நம்ப வேண்டாம். அது நியாயம். நர்ஸிடம் அவள் கையாலேயே எழுதி வாங்கியிருக்கிறேன்: எடை குறைந்தால் அளவு திருத்தப்படும், எதையும் டாக்டர்தான் முடிவு செய்வார். கீழே அவள் கையெழுத்து. அதை நம்பு.

இனி வாதம் வேண்டாம். செய்ய வேண்டியதையும் யார் செய்வது என்பதையும் எழுதுகிறேன்.

ஏழாம் தேதி மத்தியானம் வந்து சேருவது: நான். பதினொரு படியில் ஆறாவதில் நீ உட்கார்ந்திரு. கீழ் வீட்டு அம்மாவிடம் வந்துவிட்டார்கள் என்று சொல்லிவிடு.

உன் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது: நான். பாத்திரம் கழுவினாலும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். "படுக்க வெச்சுக் கரைச்சேன், அதில் மருந்துக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு" என்று அவள் எதிரில் நின்று சொல்வேன். அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வதும் நான்தான்.

கற்களைப் பற்றி அவளிடம் சொல்வது: நீ. அதை நான் செய்ய மாட்டேன்.

தலையணைக்குக் கீழே இருக்கும் கற்களைப் பெட்டிக்குள் திருப்பி வைப்பது: இரண்டு பேரும். பெட்டியைக் கொண்டுவருகிறேன். ஒரு கிலோவை நீ வை. இரண்டு கிலோவை நான் வைக்கிறேன். முறை மாறிவிட்டது, அதற்காக முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே.

எட்டாம் தேதி காலையில் டாக்டரிடம் கோட்டு விஷயத்தைச் சொல்வது: நீ ஆரம்பி. நடுவில் வாய் நின்றால் நான் எடுத்துக்கொள்கிறேன். அட்டையில் எழுதிய எண் என்னுடையது என்பதைச் சொல்வது நான் மட்டும். அவர்கள் தராசைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பதும் நான்.

மருந்தின் அளவை முடிவு செய்வது: டாக்டர். நீயும் இல்லை, நானும் இல்லை. குறைப்பாரோ, தள்ளிப்போடுவாரோ, அப்படியே ஏற்றுவாரோ, எனக்குத் தெரியாது. தெரியாது என்று முதல் தடவையாக எழுதுகிறேன்.

சாப்பாட்டில் என்ன, எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்வது: உன் மகள். தட்டை உன் மடியில் வைப்பதும் இனி அவள்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் என் தட்டை மட்டும் பார்ப்பேன்.

தினமும் நாற்காலி: நீ. இரண்டு வந்தால் இரண்டு. எதிரில் இன்னொரு நாற்காலி போட்டு நானும். எனக்கு ஒன்பது. தண்ணீர் வேண்டுமென்றால் நீயே எழுந்து போய்க் குடி. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. எல்லாவற்றிலும் கஷ்டமானது அதுதான்.

எட்டாம் தேதி, நாற்காலியிலிருந்து தராசு வரைக்கும் நடப்பது: நீ. கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது: நான். பைகளை வெளியே இழுத்துவிட்டுத்தான் பிடிப்பேன், அங்கே இருக்கிற நர்ஸுக்குத் தெரியும்படி.

எண்ணைப் படிப்பது: நீ. நாற்பத்தாறு வருடம் நீ கல்லை வைத்தாய், நான் முள்ளைப் படித்தேன். அன்றைக்கு நான் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பேன். எவ்வளவு வந்தாலும் நீயே சொல். எனக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்.

அண்ணன்